பத்து நிமிஷ தூரத்தில் வெளிமாநிலம்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் எடுக்கிறேன். இடப்பெயர்வுப் பாடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆளைத் துரத்துவது உந்து காரணி, கூப்பிடுவது இழு காரணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் விஷயத்தில் உந்து காரணி மாடியில் குடியிருந்தது. என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. முத்தியால்பேட்டை வீட்டில் அவள் மேலே, நாங்கள் கீழே. நான் துணி காயப்போடும் நேரம் பார்த்து மேலேயிருந்து செடிக்குத் தண்ணி ஊத்துவாள். கேட்டால், "செடி வாடுதே, நான் என்னா பண்றது?" என்பாள். இழு காரணி கோட்டக்குப்பத்தில் கிடைத்தது. மொட்டை மாடியோடு ஒரு வாடகை வீடு, தலைக்கு மேலே யாரும் கிடையாது.

போன வருஷம் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு, குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றினோம். நடந்தால் பத்து நிமிஷம். காலையில் வைத்த சாம்பார் ஆறுவதற்குள் புது வீட்டில் சாப்பிட்டோம். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, முத்தியால்பேட்டை புதுச்சேரி. அது தெரியாதா எனக்கு? தினமும் காய்கறி வாங்கத் தாண்டுகிற எல்லைதானே என்று விட்டுவிட்டேன். புவியியல் டீச்சராம், வெட்கக்கேடு.

மகள் மட்டும் வரவில்லை. மாடி ரூமில்தான் படிக்க முடியும் என்று பெரியம்மாவோடு தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். எனக்கு வயிறு எரிந்தது. பிளஸ் டூ பரீட்சை வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்க் வந்தது. பத்தாவதிலிருந்து அவளுக்கு நர்சிங் ஆசை. உள்ளூர் கோட்டாவில்தான் சீட் கிடைக்கும், அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீசில் கிளார்க் என் முகவரியைப் பார்த்தார்.

"நீங்க வெளிமாநிலம், மேடம்."

"நான் இங்கதான் சார் பொறந்தேன்."

"பொறந்தீங்க. இப்ப இல்லியே."

திரும்பும்போது, கூட வந்திருந்த மகள் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கொடிக்கயிற்றுக்காக அவள் சீட்டைத் தொலைத்துவிட்டேனே என்று ஷேர் ஆட்டோவிலேயே அழுதேன்.

மறுநாள் அவளே தன் பெயரில், பழைய முகவரியில், மனு போட்டாள். விசாரிக்க அதிகாரி வந்த அன்று நானும் போய் மாடிப்படியில் நின்றேன். இனி எல்லாம் ஓரகத்தி வாயில் இருந்தது. போன வருஷம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் அவளைப் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வெளியில் சொல்கிற மாதிரி இல்லை. பழி வாங்க இதைவிட நல்ல நாள் அவளுக்கு வாய்க்காது.

அவள் மாடி ரூமைத் திறந்து காட்டினாள். கட்டில், மேசை, ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்த நோட்டுகள், ஆணியில் மகளுடைய துப்பட்டா.

"இவ எங்கியும் போவல சார். பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கா. இவங்க அம்மாதான் கோச்சிக்கிட்டு வெளிமாநிலம் போயிடுச்சி."

அதிகாரி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப நன்றிக்கா" என்றேன். செடிக்குத் தண்ணி ஊத்தப் போய்விட்டாள்.

சான்றிதழ் வந்தது. சீட்டும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மகளுக்கு போன் போட்டேன்.

"அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. வீட்டுக்கு எப்ப வர்ற?"

"வீட்டுலதாம்மா இருக்கேன்" என்றாள்.

அப்போது நான் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் துணி. எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?