தூக்குவாளிக்குள் ஒரு துண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடையைப் பிடித்து வைப்பதற்கு அரசாங்கம் எனக்குக் கொடுத்தது ஒரு இடுக்கியும் ஒரு கட்டுப் பழுப்பு உறையும்தான். தடய அறிவியல் பிரிவில் உதவியாளர் வேலை. குற்றம் நடந்த இடத்தில் கிடந்த பொருளை இடுக்கியால் எடுத்து, உறைக்குள் போட்டு ஒட்டி, மோப்ப நாய் வரும்வரை காப்பாற்ற வேண்டும். ஒட்டுவது கோந்தில். நாயைக் கையாளும் ஏட்டு முதல் வாரமே என்னைக் கிண்டல் செய்தார். "கோந்து வாடயக் காட்டுனா அது நேரா தபாலாபீசுக்குத்தான் மேடம் போவும்," என்றார்.

எனக்கு அது சுருக்கென்று பட்டது. வேதியியல் படித்தவள் நான். எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத குணம் வேறு. தஞ்சாவூரில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் ஒருநாள் காற்றடிக்கும் பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். தண்டின் அடியில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். அதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஊதாது, இழுக்கும். எதுக்கு டீச்சர், டியூபுல இருக்குற காத்தப் புடுங்கவா?" என்றார். கடைசிவரை அவருக்கு நான் டீச்சர்தான்.

பழைய பம்பு ஒன்றை வாங்கி வாஷரைத் திருப்பிப் போட்டேன். குழாயின் நுனியில் ஒரு தகரப் புனல். புனலின் வாயில், காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய காஸ் துணியை வேகவைத்து உலர்த்திக் கட்டினேன். புனலைப் பொருளுக்கு மேலே பிடித்துக்கொண்டு தண்டை இழுத்தால், அங்குள்ள காற்று துணி வழியாக வரும், வாடை துணியில் தங்கும். பொருளைத் தொடவே வேண்டாம். பத்து நிமிடம் இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும், அது வேறு. முதலில் என் நாற்காலியில் எடுத்துப் பார்த்தோம். நாய் துணியை மோந்துவிட்டு, ஐந்து பேரைக் கடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில்தான் சண்டை. துணியை நான் வேகவைத்தது அம்மாவின் இட்லிப் பானையில். "ஊர்ல உள்ள திருட்டுப்பய வாடையெல்லாம் புடிக்கிற துணிய என் பானையிலயா அவிக்கிற?" என்றாள். வாடை பிடிப்பதற்கு முன்னால்தான் அவிக்கிறேன் என்று சொன்னது எடுபடவில்லை. தனிப் பானை வாங்கினேன். பம்பு, புனல், துணிகள், ரப்பர் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடங்கின. அந்தப் பெட்டியைப் பார்த்து எல்லா ஊரிலும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள்.

அப்போது கழக ஆட்சி. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்து பல வருடம் ஆகியும், பெயரைப் பதிந்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் நடுவில் ஊருக்கொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊரில் நிலத்துக்காரரின் வைக்கோல் போர் எரிந்துபோனது. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியிருந்த சமயம். போருக்குப் பக்கத்து வேலியில், விவசாயச் சங்கத்துக்காரர்கள் தோளில் போடுகிற சிவப்புத் துண்டு ஒன்று கிடந்தது. நிலத்துக்காரரிடம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு உழுதவர் ஒருவர் சங்கத்தில் இருந்தார். விடிந்ததும் அவரைப் பிடித்துக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். தீ வைத்தவர் என்று வழக்கு நின்றால் ஆள் உள்ளே போவார். நடவு நேரத்தில் ஆள் இல்லையென்றால் சாகுபடிக் கணக்கில் பெயர் மாறும். பிறகு அந்த ஒன்பது மா அவருக்கு இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது போர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. துண்டை இடுக்கியால் எடுத்து ஒரு பெரிய பாட்டிலில் போட்டேன். அதற்கு முன் வேலியிலேயே வைத்துப் பத்து நிமிடம் காற்றை இழுத்துத் துணியில் வாடை பிடித்திருந்தேன். நாய் அதை மோந்தது. வேலியைச் சுற்றியது, வரப்பில் நாலடி போனது, திரும்பி வந்து ஏட்டின் முகத்தைப் பார்த்தது. மறுபடி மோக்கவைத்தார். மறுபடியும் அதேதான். சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. "பொகையில நாய்க்கு மூக்கு அடைச்சிருக்கும் மேடம். நாயால் வாடை பிடிக்க இயலவில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, போதும்," என்றார். அப்படி எழுதினால் நாயும் நானும் கணக்கில் இல்லை. வேலியில் கிடந்த துண்டு மட்டும்தான் சாட்சி. அந்த ஊரில் சிவப்புத் துண்டு யாருடையது என்பதற்கு நாய் தேவையில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நாயோடு வந்த போலீஸ் வேனில் உட்கார்ந்து பாதி வரி எழுதிவிட்டேன். வெயில், பசி, நாய் தோற்ற எரிச்சல்.

அப்போதுதான் அவள் வந்தாள். பிடித்துக் கொண்டுபோனவரின் மனைவி. என் வயதுதான் இருக்கும். நாற்றங்காலில் இருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"டாக்டரம்மா, அந்தத் துண்ட நான் ஒருக்கா மோந்து பாக்கவா?"

"அதெல்லாம் கூடாதும்மா. அது சாட்சிப் பொருள்," என்றேன்.

"நாயி மோக்கலாம், நான் மோக்கக் கூடாதுங்களா? அவரோட ஆறு வருசமா குடும்பம் நடத்துறேன். நாயி இன்னிக்கிக் காலயிலதான வந்துச்சு."

  பாட்டிலின் மூடியைக் கழற்றி நீட்டினேன். தொட்டுவிடக் கூடாது என்று ஒரு கையைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். குனிந்து ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"இதுல ஆளே இல்லம்மா. கட வாடதான் அடிக்கிது. கஞ்சி. ஒரு நா கூட யாரு தோள்லயும் கெடக்காத துண்டு."

நான் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தேன். ஆமாம். ஜவுளிக் கடையில் புதுக் கட்டைப் பிரிக்கும்போது அடிக்குமே, அதே கஞ்சி வாடை. பம்பு செய்தேன், புனல் வைத்தேன், இட்லிப் பானைக்காக அம்மாவோடு சண்டை போட்டேன். கடவுள் கொடுத்த மூக்கை மட்டும் ஒருமுறைகூடக் கொண்டுபோய் வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

எழுதின பாதி வரியை அடித்தேன். ஆனால் மனைவியின் மூக்கை அறிக்கையில் எழுத முடியாது. நாயின் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு அவர் போட்டிருந்த, துவைக்காத துணி ஒன்று வேண்டும். இருக்கிறதா என்று கேட்டேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு போய் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து வந்தாள். வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகிற வாளி. மூடி இறுக்கமாக அழுத்தியிருந்தது. உள்ளே பழைய ஈரிழைத் துண்டு ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

"இவ அவரு துண்டு மூஞ்சில படலன்னா தூங்கமாட்டா," என்றாள். "போன தரம் மறியல்ல பதினஞ்சு நா உள்ள வச்சிட்டாங்க. துண்டக் கொடியில போட்டு வச்சிருந்தேன். நாலாம் நாளே வாட போயிடுச்சி. இவள வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதான் இந்தத் தரம் போலீசு வண்டியப் பாத்ததுமே உள்ள வச்சி மூடிட்டேன்."

நான் நோட்டை எடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால்? டப்பா வாடை ஏறிவிடும் என்றாள். மண்பானை? மண் இழுத்துக்கொள்ளும். பித்தளை? களிம்பு ஏறிய மாதிரி ஒரு வாடை வரும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். ரப்பர் மூடி போட்ட என் பாட்டில் ஒன்றை எடுத்து மோந்து முகத்தைச் சுளித்தாள். "சைக்கிள் டியூபு," என்றாள். தலைமை அலுவலகத்தில் இரண்டு வருடமாக யாரும் சொல்லாத குறை அது. புருஷன் ஸ்டேஷனில் இருக்கிற பெண்ணோடு நான் பாத்திரக் கடை வாசலில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

புனலை வாளிக்குள் இறக்கியபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இழுத்தா வாட கொறஞ்சி போவுமாம்மா?"

"தெரியல," என்றேன். உண்மையாகவே தெரியாது.

என் கையை விட்டாள். "சுருக்கா இழுங்க," என்றாள்.

மூன்று துணிகளில் எடுத்தேன். ஸ்டேஷன் முற்றத்தில் ஆறு பேரை வரிசையாக நிறுத்தச் சொன்னேன். அவள் புருஷன் நான்காவது. முதலில் சிவப்புத் துண்டின் வாடை. நாய் வரிசை முழுக்க நடந்தது, யாரிடமும் நிற்கவில்லை. அடுத்து தூக்குவாளியின் வாடை. நாய் நேராகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. நாய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்துவிட்டார். "நான் வைக்கலங்கய்யா, எம் புள்ள மேல சத்தியமா வைக்கலங்கய்யா," என்று கும்பிட்டுக்கொண்டே அழுதார். அவரைக் காப்பாற்றுகிற சோதனை இது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சோதனை ஜெயிக்க வேண்டும் என்கிற அவசரத்தில் ஆளை மறந்துவிட்டேன். ஏட்டுதான் தோளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினார்.

இன்ஸ்பெக்டர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். அதோடு விடவில்லை. "அப்ப அந்த வாளி, உள்ள இருக்குற துண்டு ரெண்டையும் கைப்பற்றல் மகஜர்ல சேத்து எடுத்துக்கணும் மேடம். இல்லன்னா கோர்ட்டுல நிக்காது."

அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. நான் கேட்காமல் இருந்திருந்தால் வாளி வீட்டிலேயே இருந்திருக்கும். அவள் மூடியைத் திறந்து, குழந்தையின் முகத்தை ஒருமுறை உள்ளே காட்டி, மூடிக் கொடுத்தாள்.

அன்றே விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். அப்படியெல்லாம் நடக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். சிவப்புத் துண்டில் மனித வாடை இல்லை, நாயின் மோப்பத்தில் குறை இல்லை என்று அறிக்கை எழுதினேன். வாளியில் இருந்து வாடை எடுத்த துணிகள் இரண்டு என்றும் எழுதினேன். என் வேலையில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். மூன்றாவது துணியைப் பாட்டிலோடு அவள் கையில் கொடுத்தேன். ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடிக் கொடுத்தேன்.

காகிதம் நகர்ந்து அவர் வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அவளும் நாத்தனார்களும் சேர்ந்து ஒன்பது மாவையும் நட்டு முடித்திருந்தார்கள். கணக்கில் பெயர் மாறவில்லை. புதுத் துண்டை வாங்கி வேலியில் போட்டது யார் என்பதை நானும் கண்டுபிடிக்கவில்லை, வேறு யாரும் கண்டுபிடிக்க முயலவும் இல்லை. எந்தக் கையாவது அதைத் தொட்டிருக்கத்தானே வேண்டும். கஞ்சி வாடைக்கு அடியில் அந்தக் கையை ஏன் நாயால் பிடிக்க முடியவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மூன்று பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாட்டிலைத் திருப்பித் தர. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது என்று அவல் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பாட்டில் இனி வாடை எடுக்க உதவாது என்று நான் சொல்லவில்லை. அதற்குள் ரப்பர் மூடிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நான் எவர்சில்வர் தூக்குவாளிகளுக்கு மாறியிருந்தேன்.

"வந்தன்னிக்கு இவ அவருகிட்டயே போவலம்மா," என்று சிரித்தாள். "செயிலு சோப்பு வாட. கத்தித் தீத்துட்டா. ரெண்டு நா அவர வயல்ல எறக்கி விட்டேன், அப்பறம்தான் போனா."

அவர் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் தோளில் இருந்தது.

"துணி?" என்று கேட்டேன்.

"அத இவ குடுக்கமாட்டேங்குறா."

குழந்தையின் கைக்குள் கசங்கி, பழுப்பேறி, ஓரம் சப்பி நூலாகிக் கிடந்தது. தொழில் புத்தி போகுமா? கிட்டப் போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். எச்சில், அவல், குழந்தையின் தலை எண்ணெய். அவருடைய வாடை துளிகூட இல்லை. அந்தத் துணியை மோக்கவைத்து நாயை விட்டிருந்தால், அது அவரைத் தாண்டிக் குழந்தையிடம்தான் போய் உட்கார்ந்திருக்கும்.