பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

என் அக்காவின் புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போனார். படகு காசிமேட்டுக்குத் திரும்பியது, அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா சரியாகத் தூங்கவில்லை. மீன் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போவாள், வாங்காமல் வெறுங்கூடையோடு வருவாள். ராயபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கின் நர்ஸ்தான் சொன்னார்: மனசு சரியில்லாதவர்களிடம் பேசிச் சரி செய்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், அழைத்துப் போ என்று.

நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். பஸ் மாறி மாறி நகரத்தின் அந்தக் கோடிக்கு அழைத்துப் போனேன். ஏ.சி. அறை. நடுவில் அவர், சுவரோரம் அவருடைய மாணவர்கள். என்ன பிரச்சினை என்று கேட்டார்.

அக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நெஞ்சுல இன்னாவோ அடைச்சிகினு கீது சார். சோத்துல கை வெச்சா அவுரு வாசனை வருது."

"அடைச்சிகினு கீதா?" என்று அவர் அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார். மாணவர்களைப் பார்த்துச் சொன்னார், அக்காவைப் பார்த்து அல்ல. அவர்கள் சிரித்தார்கள். "கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்லுங்கம்மா," என்றார்.

அக்கா முயற்சி செய்தாள். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பாடப்புத்தகத்தில் படித்ததை எங்கிருந்தோ தேடி எடுத்து, "அடைத்துக் கொண்டு இருக்கிறது ஐயா," என்றாள். அந்த அறை இன்னும் பலமாகச் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது எல்லாருக்கும் சரிப்படாதும்மா. பேசத் தெரிஞ்சவங்களுக்குத்தான். இவங்களுக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்றேன்." குரலில் கனிவு இருந்தது. கனிவாகச் சொன்னதால்தான் என் வெறி அவ்வளவு நாள் நீடித்தது என்று நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "இனிமே என்னை எங்கியும் இட்டுகினு போவாத."

பி.காம். முடித்ததும் நான் உளவியல் படிக்கப் போனேன். ஏன் இந்தப் படிப்பு என்று சேர்க்கையின்போது கேட்டார்கள். சேவை என்றேன். பொய். அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும், அவர் கண்ணெதிரே அதை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம். சாயங்காலங்களில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், அலை அடிக்கும் பாறாங்கற்களில் உட்கார்ந்து அவரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பேன். கேட்டால் கூசும் சொற்களாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

முதுகலையில் அவர் எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு தமிழை அதற்குள் பழகி வைத்திருந்தேன். ஒருநாள் "உங்க உச்சரிப்பு ரொம்ப சுத்தம்," என்று பாராட்டினார். தூண்டிலில் மீன் கடித்ததுபோல இருந்தது எனக்கு. சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு நோயாளியைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். அக்காவிடம் கேட்டேன். "அன்னிக்கு நடந்ததை சொல்லட்டா?"

"சொல்லு," என்றாள். "அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

சொன்னேன். கடலில் கணவனை இழந்த பெண் என்று ஆரம்பித்து, அவள் பேசியதை அவள் பேசிய மாதிரியே சொன்னேன். "அடைச்சிகினு கீது" என்றதும் வகுப்பு சிரித்தது. அவரும் புன்னகைத்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அந்த சிகிச்சையாளரும் இதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அவருடைய மாணவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பேசத் தெரியாது என்று முடிவு கட்டினார்கள். அவள் என் அக்கா. அந்த சிகிச்சையாளர் நீங்கள்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு காதும் சிவந்திருந்தன. "எனக்கு ஞாபகமே இல்லையே," என்றார்.

எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தேன், இதற்குத் தயாராக இல்லை. கோபப்படுவார், மறுப்பார், மதிப்பெண்ணில் கை வைப்பார் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டையே ஊமையாக்கிய நாள் அவருக்கு ஒரு சாதாரண நாள். பிறகு வராந்தாவில் வந்து, "அப்படி நடந்திருந்தா மன்னிக்கணும்," என்றார். அந்த 'நடந்திருந்தா'வை நான் மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மீன் விற்று முடித்து அலுமினிய அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காது செவந்துச்சா?"

"செவந்துச்சி."

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும்."

"இன்னொரு தபா சொல்லு. மொதல்லேந்து."

மறுபடியும் சொன்னேன். பழி தீர்த்தால் மனம் வெறுமையாகிவிடும் என்பார்கள். அக்காவின் முகத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது முறை நான் பாதியில் இருக்கும்போது, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பேசினாள். "அவுரு கடைசியா கடலுக்குப் போன அன்னிக்கு நான் சண்ட போட்டுத்தான்டி அனுப்புனேன். சாப்டாம போனாரு."

இத்தனை நாள் நெஞ்சை அடைத்தது அதுதான். படித்த படிப்பெல்லாம் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொந்த அக்காவுக்கு நான் சிகிச்சை தர முடியாது, தரவும் கூடாது. பெரம்பூரில் இதே சிகிச்சை தரும் என் தோழியிடம் போகச் சொன்னேன்.

"அந்தம்மா சிரிக்குமா?"

"சிரிக்காது."

"சிரிச்சா எய்ந்து வந்துடுவேன்."

"வந்துடு."

போனாள். தொடர்ந்து போனாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. ஏலத்தில் மறுபடி அவள் குரல் கேட்க ஆரம்பித்தது என்பது மட்டும் தெரியும்.

நான் திருவொற்றியூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். வீட்டில் பேசுவதுபோலப் பேசுங்கள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை என்றால் நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். புத்திமதி எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்களில், முதலில் வந்தபோது இருந்ததைவிட மோசமாகக்கூட இருக்கும். என் மேல் கோபம் வந்தால் என்னிடமே சொல்லலாம், பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளை நானே பார்த்துத் தருவேன்.

இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஏ.சி. அறைக்கு எதிராகத்தான் சொல்கிறேன். நானும் இன்னொரு சிகிச்சையாளரிடம் போய் என் மனதில் இருப்பதைப் பேசுகிறேன். இந்தக் கோபம் வருகிறவர்கள் தலையில் இறங்காமல் பார்த்துக்கொள் என்று அவர் எச்சரிப்பார். பார்த்துக்கொள்கிறேன். கோபத்தையே அணைத்துவிடச் சொன்னால் மாட்டேன்.

சமீபத்தில் எர்ணாவூரிலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர் வந்தார். இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க இன்னாத்துக்கு இந்த வேலைக்கு வந்தீங்கோ?" என்றார்.

"ஒருத்தர் மேல இருந்த கோவத்துல."

"இன்னும் கீதா அது?"

"கீது," என்றேன்.

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். துறைமுகக் கேட்டில் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். பிறகு குரலை இறக்கி, தன் தம்பியைப் பற்றி ஆரம்பித்தார்.