எடைமேடையில் ஏறாத வண்டி

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் ஓர் எடைமேடை இருக்கிறது. அதில் ஏறும் சரிவு என் இடுப்பளவு உயரம்கூட இருக்காது. அந்தச் சரிவில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே சேர்ந்தபோது, பெண்பிள்ளை என்று அலுவலகத்தில் உட்காரவைத்து ஜாப் கார்டு டைப் அடிக்கச் சொன்னார்கள். சண்டை போட்டுத்தான் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தேன்.

யார்டுக்குள் கன்டெய்னர் இழுக்கும் வண்டிகளில் கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிறைந்த உருண்டையாக டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். இன்ஜின் சுற்றும் வேகத்தை எண்ணெய் வழியே கியருக்குக் கடத்துவது அதுதான். எடை முழுதாக ஏற்றிய வண்டிகள் சரிவில் நின்று கிளம்பத் திணறின. இன்ஜினை நன்றாக வேகமெடுக்க விட்டு, பிறகு பிடித்து இழுக்கும் வேறு வகைக் கன்வெர்ட்டரை மாட்டிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். மேனேஜர் ஒரு வண்டிக்குச் சம்மதித்தார்.

"மாட்டுங்க மேடம்" என்றார் ஃபோர்மேன் அண்ணாச்சி. "ஏறலன்னா பழையத மாட்டிட்டு நீங்க திரும்ப ஏசி ரூம்ல டைப் அடிக்கப் போயிரலாம். வெயில்ல கெடந்து கறுக்க வேண்டாம் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்படியே வச்சுக்குவோம்" என்றார்.

அந்த வண்டியை ஓட்டியவன் என் அண்ணன். தருவைகுளத்தில் அப்பாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன், பிறகு லைசென்ஸ் எடுத்து இங்கே வந்தான். நான் மாட்டிய வண்டியை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கேட்டு வாங்கினான்.

முதல் நாள் நன்றாக ஏறிய வண்டி, மறுநாளே சரிவில் ஊர்ந்தது. முன்பிருந்ததைவிட மோசம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். "ஏலே, எறங்கித் தள்ளட்டுமால? தங்கச்சி வண்டியல்லா, மெல்லத்தான் போவும்!" என்று ஒருவன் கத்தினான். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரி. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினேன். இன்ஜின் எவ்வளவு வேகம்வரை ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. குறைவாக ஏறினால் இன்ஜினிலோ கன்வெர்ட்டரிலோ கோளாறு, அதிகமாக ஏறினால் கியர் வழுக்குகிறது. எனக்கோ சொல்லிவைத்ததுபோல் சரியான அளவில் நின்றது. பாரம் ஏற்றி நானே சரிவில் ஓட்டினேன். துள்ளி ஏறியது. அடுத்த நடை அண்ணன் எடுத்தான். ஊர்ந்தது.

"அப்ப வண்டில கொற இல்ல, ஆள்ல தான் கொற" என்றார் ஃபோர்மேன். "அண்ணனா தங்கச்சியான்னு நீங்களே வீட்ல பேசி முடிவு பண்ணுங்க."

வீட்டில் பேச்சே இல்லை. ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிட்டோம். "ரெண்டு பேரும் என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய?" என்று அம்மா கேட்டாள். வீட்டில் அவன், யார்டில் ஃபோர்மேன். பஸ்ஸில் போகும் நேரம் மட்டும்தான் மூச்சு விட்டேன்.

ஒரு மத்தியானம் எடைமேடை வரிசையில் அவன் நின்றிருந்தபோது, சொல்லாமல் படியில் ஏறிக் கதவைத் திறந்தேன். வெறுங்காலோடு இருந்தான். மிதிகளுக்கு அடியில் நீல நைலான் கயிற்றில் பின்னிய தடித்த பாய் கிடந்தது. கம்பெனி கொடுத்த ஷூ சீட்டுக்குப் பின்னால் இருந்தது.

"ஷூ என்னண்ணே ஆச்சு?"

"ஏளா, வள்ளத்துல செருப்போட ஏறுவமா? எனக்கு இது வள்ளம். நீ புதுசு மாட்டுனதுலேருந்து தரை கொதிக்கு. அதான் பின்னிப் போட்டேன்."

"நான் ஓட்டும்போது இது இல்லியே?"

"நீ பாத்தா ரிப்போர்ட்ல எழுதிருவல்லா? அதான் சுருட்டிப் பின்னால போட்டேன். ஷூ போடலன்னா வண்டிய விட்டு எறக்கிருவாவ."

குனிந்து ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தினேன். மிதி பாயில் இடித்து நின்றது. பாயை விலக்கியதும் இன்னும் மூன்று விரல் கீழே போனது. அவன் முழுதாக மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். பழைய கன்வெர்ட்டர் அரை மிதிக்கும் இழுத்திருக்கும். இது இன்ஜின் வேகமெடுத்தால்தான் பிடிக்கும்.

"பாயை எடு. ஷூவைப் போடு" என்றேன். முறைத்துக்கொண்டே போட்டான். வரிசை நகர்ந்தது. முழு பாரத்தோடு வண்டி ஒரே மூச்சில் மேலே போய் நின்றது.

யாரோ கைதட்டினார்கள். நான் சரிவை நோக்கி ஓடினேன். அதற்குள் ஃபோர்மேன் வந்தார்.

"என்ன செஞ்சிய?"

"இப்ப சரியாயிட்டு அண்ணாச்சி."

"அது தெரியுது. என்ன செஞ்சியன்னு கேக்கேன். காரணம் தெரியாம ஏறுத வண்டி, காரணம் தெரியாம பின்னாலயும் உருளும். கீழ ஆளு நிக்கான். சொல்லுங்க, இல்லன்னா இன்னைக்கே பழசு மாட்டிருவேன்."

இந்த ஒரு தடவை அவர் கேலி செய்யவில்லை. சரிவின் அடியில், கன்டெய்னரை டிரெய்லரோடு பிணைக்கும் பூட்டுகளைக் கழற்றும் ஆட்கள் நின்றார்கள். மேலே கண்ணாடி வழியாக அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய்யாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். நான் படித்ததிலிருந்தே பொருத்தமான பொய்கள் இரண்டு கிடைத்தன. இரண்டையும் அவர் நம்பியிருப்பார்.

"மிதிக்கு அடியில பாய் கெடந்துச்சு" என்றேன். "வெறுங்காலோட ஓட்டுனதால போட்டது."

அண்ணன் இறங்கி வந்தான். ஷூவைக் கழற்றி ஒரு கையிலும் பாயை மறு கையிலும் வைத்திருந்தான். வெயிலில் காய்ந்த கான்கிரீட்டில் வெறுங்காலோடு எங்களைக் கடந்து போனான்.

"நல்லாத்தான் படிச்சிருக்கா" என்றான், யாரையும் பார்க்காமல்.

அவனை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சரிவுக்குக் கீழே பூட்டுகளைக் கழற்றுகிறான். நான் ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் அதே கன்வெர்ட்டரை மாட்டச் சொல்லிவிட்டார்கள். நான் மாட்டிய வண்டிகள் தடையில்லாமல் ஏறி அவனைக் கடந்து போகின்றன.

பாய் எங்கள் வாசல்படியில் கிடக்கிறது. வீட்டுக்கென்று பின்னியது என நினைத்து அம்மா போட்டுவிட்டாள். காலையில் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறோம். நான் எழுந்து தெருமுனை திரும்பும்வரை அவன் லேஸ் கட்டிக்கொண்டே இருப்பான். பிறகு அடுத்த பஸ்ஸில் வருவான்.