மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது

அம்மாவின் உச்சந்தலையில் மகள் வெனிலா கடைசியாக ஸ்கேல் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் புறப்படும் நேரம். புண் ஆறிய இடத்தில் முடி ஒன்பது மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது.

"இன்னாடி, கோயிலுக்குப் போற நேரத்துல அளந்துகினு கீற? மல்லாட்டையா வெதச்சிருக்க?" என்று சிரித்தாள் செபஸ்தியம்மாள்.

கடலைக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை பறித்தே விழுப்புரத்தில் மகளை லேப் டெக்னீஷியன் ஆக்கியவள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து பழகியவள். மகளின் நிச்சயதார்த்தத்துக்காகத் திண்டிவனம் பார்லரில் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டாள். மருந்து போட்டதிலிருந்தே தலை எரிந்தது. ஆனால் பார்லர் பெண் ரோஜா மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்றிருந்தாள். மூன்று நாளும் அம்மா முக்காட்டுக்குள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டாள். முடி கலையாமலிருக்கத்தான் முக்காடு என்று வெனிலா நினைத்தாள், கேட்கவில்லை. நான்காம் நாள் கழுவியபோது முடி கொத்தாகக் கையோடு வந்தது.

களிம்பு தடவிய மாதங்களில் அம்மா ஒன்றையே சொன்னாள்: "அந்தப் பொண்ணு மேல கோவம் இல்லடி. எரிஞ்சா ஒடனே கழுவணும்னு அதுக்குத் தெரியல. முடி சீப்புல நிக்கட்டும், நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய் மாரடைப்பில் போய்விட்டாள்.

வெனிலா இரண்டு முறை திண்டிவனம் பஸ் ஏறி, அம்மாவைப் போல் கோபமில்லாமல் சொல்ல முடியுமா என்று தெரியாமல் பாதி வழியில் விக்கிரவாண்டியிலேயே இறங்கித் திரும்பிவிட்டாள். ரோஜா இன்றும் யாரிடமாவது, மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா போய்ச் சொல்லவேண்டியது இன்னும் சொல்லப்படவில்லை.