கட்டுப்போடும் ஜெய்தூன் பீவி

கட்டைப் பிரித்ததும் ஜெய்தூன் பீவி குனிந்து புண்ணை ஒருமுறை மோந்து பார்ப்பார். "ம், பரவால்ல" என்றால் அன்றைக்கு நாம் பிழைத்தோம். பேசாமல் கத்தரியைத் தேடினால், காலுக்குரியவர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடலாம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சர்க்கரை நோய் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாகக் கால் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர். படிப்பு எட்டாவது. குதிகால் புண்ணோடு ஒருநாள் விட்டு ஒருநாள் அவரிடம் போய் அழுகிற பாவி நான்.

உடம்பு எதனாலெல்லாம் ஆனது என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் படத்தில் காட்டினார்கள். அவர் நேரில் பார்த்தவர். என் புண்ணையே காட்டிச் சொன்னார்: "மேல தோலு, அது காவலுக்கு. மஞ்சளா இருக்குல்ல, கொழுப்பு, அது மெத்தை. செவப்பு சதை, அதுதேன் உங்கள நடக்க வைக்கிது. வெள்ளையாக் கயிறு கெடக்கே, அது சதைய எலும்போட கட்டிப்போட்ருக்கு. இதுல எது அறுந்தாலும் நமக்குத் தெரியும், ஓடியாருவோம். நரம்பு செத்துச்சுன்னா மட்டும் வீடே பத்தி எரிஞ்சாலும் ஒருத்தனும் வந்து சொல்ல மாட்டான்யா."

அதனால் கத்துகிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். போன வாரம் வத்தலக்குண்டு ஆரோக்கியதாஸ் கெட்ட வார்த்தையில் அவர் பரம்பரையையே இழுத்தார். "திட்டு அப்பு, நல்லாத் திட்டு. நரம்பு உசுரோட இருக்கு" என்று சிரித்தபடி சுரண்டினார். நம் வலியில் இந்த அம்மாவுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நேற்று எனக்கு முன்னால் முனியப்பன் படுத்திருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர். கூடவே மனைவி சிவனம்மாள். பாதத்தில் ரெண்டு விரல் கருத்துப்போயிருந்தன. ஜெய்தூன் பீவி கருத்த தோலை வெட்டினார். இடுக்கி எலும்பில் தட்டிய சத்தம் எனக்கே கேட்டது. முனியப்பனோ ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்லம்மா, ஒண்ணுமே தெரியல." அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

ஜெய்தூன் பீவியின் முகம் சுருங்கிவிட்டது. "கால என்ன செஞ்சீக?"

சிவனம்மாள்தான் சொன்னார். "விடியக்காலம் ஈரத்துல நின்னு பூ எடுத்து மரத்துப்போச்சுன்னாரு. சுடுதண்ணில உப்பப் போட்டு வைக்கச் சொன்னேன். சூடே ஒறைக்கலைன்னாரு. இன்னும் கொதிக்க வச்சு ஊத்துனேன் பாயம்மா. மூணு நாளு, நாந்தேன் ஊத்துனேன்."

அய்யோ, அந்த மனுஷியை என்னவென்று சொல்ல!

"ரெண்டு வெரல மட்டும் எடுத்துட்டு விட்ருவாகல்ல? காலு போச்சுன்னா தோட்டத்துல எப்பிடி நிப்பாரு?" என்று சிவனம்மாளே கேட்டார்.

ஜெய்தூன் பீவி கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையை அந்தக் காலில் வைத்தார். செத்த கால் சில்லிட்டுக் கிடக்கும், மேலே உடம்புச் சூடு எங்கே தொடங்குகிறதோ அதுவரைக்கும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்பது அங்கே வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். கை பாதத்தில் நிற்கவில்லை. கணுக்காலைத் தாண்டியது. ஆடுசதையையும் தாண்டி, முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே போய்த்தான் நின்றது.

பிறகு சிவனம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, அந்த இடத்தில் வைத்தார்.