முரளியின் அணியிடம் இன்று தோற்றேன்

இன்று காலை செகந்திராபாத் பஸ்ஸில் நின்றபடியே ஆட்டத்தின் முடிவைப் பார்த்தேன். தோற்றுவிட்டேன், முரளியிடம்.

முரளி போன வாரம் இறந்துவிட்டான்.

எங்களுடையது கம்ப்யூட்டர் பேஸ்பால் லீக். யார் பந்து வீசுவது, யார் பேட் பிடிப்பது என்று முன்கூட்டியே போட்டு வைத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும்.

இந்த அரையிறுதிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போட்டு வைத்திருக்கிறான். என் பெரிய அடிக்காரனுக்கு இடக்கைப் பந்து ஆகாது என்று அவனுக்குத் தெரியும். இடக்கைக்காரர்களாகவே இறக்கியிருக்கிறான்.

"பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் நகர்ந்துகொண்டார்.

லீக்கை நடத்தும் சேகர் சனத்நகரிலிருந்து போன் செய்தான்.

"ஆட்டம் வேணாம், நீ ஜெயிச்சதா போட்டுடறேன்னு நேத்தே சொன்னேன். கைக்கு நக்கோன்னே?" ஏன் வேண்டாமென்றாய் என்பதை அவன் ஹைதராபாத் உருதுவில்தான் கேட்பான்.

"கடைசியா அவன் யோசிச்சு வெச்ச ஆட்டம்டா. எப்படி வேணாம்கறது?"

சேகர் அடுத்த ஆட்டத்துக்குப் போனான்.

"சரி, ஃபைனலுக்கு அவன் ஒண்ணும் போட்டு வைக்கலை. நீதான் தோத்து வெளியே வந்துட்டியே, அவன் டீமை நீயே நடத்து."

"உன் கையில டீமைக் கொடுத்தா விளங்கிடும்" என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் முரளி. அவன் டீம் என் கையிலா?

ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். யாரை முதலில் இறக்கலாம், தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். தோற்றால் என்னைத் திட்ட அவன் இல்லை. அந்த வேலையையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.