தகுதியானவர் என்று எழுதிய தாள்

என் சித்தப்பா இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். பணிமனையில் பின்னோக்கி வந்த வண்டி அவரைச் சுவரோடு நசுக்கியதில் இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. உள்ளே ரத்தம் நிற்கவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, கசிந்த ரத்தக்குழாய்களை அடைத்துப் பிழைக்கவைத்தார்கள்.

எலும்பு கூடியது. நடந்தார். ஆனால் சிறுநீர்ப்பை நிறைவது மட்டும் தெரியவில்லை. நிறைந்தால் தானாக வழிந்தது. அடிபட்டதாலா, அடைத்ததாலா என்று சித்தி கேட்டாள்.

"உயிர் பொழைச்சாரேன்னு சந்தோஷப்படுங்கம்மா," என்றார் மருத்துவர்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை வெளியேற்ற நர்ஸ் கற்றுக்கொடுத்தார்.

சித்தப்பாவுக்கு மறுபடி வண்டி ஓட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தகுதிப் படிவத்தில் கண், காது, கை, கால் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை.

"நீங்களா சொல்லிடுங்களேன்," என்றாள் சித்தி.

"என்னன்னு? கைக்குழந்தை மாதிரி ஒழுகுதுன்னா?"

பயணிகளோடு சோதனை ஓட்டம், இரண்டரை மணி நேரம். முந்தின நாளிலிருந்தே அவர் தண்ணீரைத் தொடவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து ஒன்றரை மணி நேரம் வழி அடைபட்டது. பரிசோதகர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் இருக்கை நனைந்ததை முதலில் பார்த்தவர் நடத்துநர். பத்து வருடக் கூட்டாளி. தண்ணீர் பாட்டிலைத் திறந்து சித்தப்பாவின் மடியில் கவிழ்த்தார்.

"ஐயோ அண்ணே, கை தவறிடுச்சு!"

"டிரைவரைக் குளிப்பாட்டிட்டியே, சோப்பு தரவா?" என்றார் ஒரு பயணி. பேருந்தே சிரித்தது. பரிசோதகரும் சிரித்துக்கொண்டே 'தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தத் தாளைச் சித்தப்பா யாரிடமும் கொடுக்கவில்லை.

"பாஸ்தானே ஆச்சு?" என்றாள் சித்தி.

"தினமும் அவன் எத்தனை பாட்டில் ஊத்துவான்?"

இப்போது பணிமனையில் வண்டிகள் புறப்படும் நேரத்தை எழுதும் வேலை. கழிப்பறை பக்கத்து அறை. நடத்துநர் அந்தக் கதையை வேடிக்கையாகவே பரப்பிவைத்ததால் எல்லோருக்கும் அவர் 'குளியல் அண்ணன்'. உள்விஷயம் பணிமனையில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த நடத்துநர் ஜன்னலருகே வந்து நின்றால், சித்தப்பா தலை நிமிராமல் நேரத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார்.